சுடாத வெயில்

எங்க ஊர் பெண்ணாடம். விருத்தாசலம் தெரிந்தவர்களுக்கு எங்க ஊரும் தெரிந்திருக்கும். பீங்கானுக்கு அந்த ஊர், கரும்புக்கு எங்க ஊர், வெயிலுக்கு ரெண்டு ஊரும்! அக்னி நட்சத்திரத்தில் மத்தியானம் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் செருப்பில்லாமல் நடந்து பாருங்கள், நான் சொல்வது புரியும். அந்த வெயிலில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன் நான். ஒரு நாள்கூட தோல் உரிந்ததில்லை.

உரிந்தது எங்கே தெரியுமா? ஊட்டியில்!

போன வருஷம் மார்ச் கடைசியில் காலேஜ் டூர் போனோம். காலையில் தொட்டபெட்டா, மத்தியானம் முழுக்க ஏரிக்கரை. குளிருக்கு இதமாக இருக்கிறதே என்று வெயிலைத் தேடித் தேடிப் போய் நின்றோம். ஊர் திரும்பிய மூன்றாம் நாள் மூக்கும் காது மடலும் உரிய ஆரம்பித்தது. "குளுரு ஊருக்குப் போயிட்டு கருவாடா வந்து நிக்கிறியேடா" என்றார் அம்மா.

ஏன் இப்படி என்று தேடிப் படித்தேன். பி.காம். படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். மூக்கு என்னுடையது.

மேப்பை எடுத்துப் பாருங்கள். பெண்ணாடமும் ஊட்டியும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன, 11.4 டிகிரி வடக்கு. ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 23ஐ ஒட்டியும் இரண்டு ஊருக்குமே சூரியன் நேர் உச்சியில் வருகிறது. ஆக, சூரியன் ஒன்றுதான், கோணமும் ஒன்றுதான். வித்தியாசம் உயரத்தில் மட்டும். எங்க ஊர் கிட்டத்தட்ட கடல் மட்டம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், தொட்டபெட்டா 2,637 மீட்டர்.

மேலே ஏற ஏற இரண்டு விஷயம் எதிரெதிராக நடக்கிறது. 1,000 மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறைகிறது. அதே 1,000 மீட்டருக்குப் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. கதிரைச் சிதறடித்துத் தடுக்கிற காற்றில் ஏறத்தாழ கால் பங்கு, ஊட்டியில் நிற்கும்போது நம் காலுக்குக் கீழே போய்விடுகிறது. தூசியும் புகையும் கீழேயே தங்கிவிடுகின்றன. ஆக எங்க ஊரைவிட ஊட்டியில் 20 சதவீதத்துக்கு மேல் கூடுதல் என்று கணக்கு வருகிறது. மெல்லிய மேகம் இருந்தாலும் பெரும்பகுதி கதிர் இறங்கிவிடும்.

இதில் கொடுமை என்னவென்றால், புற ஊதாக் கதிரை உணர நம்மிடம் எந்தப் புலனும் இல்லை. சுடுகிறதே என்று நிழலுக்கு ஓடுகிறோமே, அது வெப்பத்துக்காக. எங்க ஊரில் சூடே நம்மை விரட்டிவிடுகிறது. மலையில் அந்த எச்சரிக்கை மணியே அடிப்பதில்லை. நாமே போய் நிற்கிறோம்.

'நமக்குத்தான் கறுப்புத் தோல் ஆச்சே' என்பீர்கள். மெலனின் தோலுக்கு நல்ல கவசம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது முழுக் கவசம் இல்லை. கண்ணுக்குள் இருக்கிற லென்ஸுக்கு அந்தக் கவசமும் கிடையாது. வருஷக்கணக்கில் இந்தக் கதிர் படுவது கண்புரைக்கு ஒரு காரணம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. நான் இரண்டு நாள் டூர் போனவன், மூக்கோடு போயிற்று. காலையிலிருந்து சாயங்காலம் வரை கொழுந்து பறிக்கிறவர்களையும், கேரட் தோட்டத்தில் குனிந்து நிற்கிறவர்களையும் நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு அது வாழ்நாள் முழுக்க.

கேரளாவில் 2025 கோடையில் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஊர் வாரியாகப் புற ஊதாக் குறியீட்டை வெளியிட்டு, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை கொடுத்தது. ஆரஞ்சுப் பட்டியலில் மூணாறும் இருந்தது. ஆமாம், குளுகுளு மூணாறுதான்! அங்கே தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வால்பாறைக்கும் இதே மாதிரி தினமும் சொல்ல வேண்டும் என்பதுதான் என் கருத்து. 'இன்று 21 டிகிரி' என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மைதான்.

அடுத்தது, காமர்ஸ்காரன் சொல்ல வேண்டியது. 2025 செப்டம்பர் 22 முதல் வந்த புது ஜி.எஸ்.டி. விகிதத்தில் முகப்பவுடருக்கு 5 சதவீதம், குடைக்கும் 5 சதவீதம். சன்ஸ்கிரீனுக்கோ 18 சதவீதம்! அழகு சாதனம் என்ற கணக்கில் லிப்ஸ்டிக்கோடு உட்கார்ந்திருக்கிறது. வெள்ளையாகத் தெரிய வைக்கும் பவுடருக்குக் குறைந்த வரி, தோலைக் காக்கிற களிம்புக்கு அதிக வரி. இது வரிப் பட்டியலின் தப்பு மட்டும் இல்லை. நாமும் அப்படித்தான். வெயில் என்றாலே கறுத்துவிடுவோமோ என்றுதான் பயப்படுகிறோம், கண் போய்விடுமோ என்று யாரும் பயப்படுவதில்லை.

வெயிலே படாமல் இருங்கள் என்று சொல்லவில்லை. வைட்டமின் டி வேண்டாமா? பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை கவனமாக இருந்தால் போதும். முழுக்கைச் சட்டை, அகலமான தொப்பி, குடை. இதெல்லாம் சன்ஸ்கிரீனைவிட மலிவு, அதைவிட நம்பகமும்கூட. கூலிங் கிளாஸ் வாங்கினால் யு.வி. 400 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் கறுப்புக் கண்ணாடி போட்டால் கண்மணி விரிந்து கதிர் இன்னும் உள்ளேதான் போகும்.

அடுத்த மாசம் நண்பர்களோடு கொடைக்கானல் போகிறேன். பையில் குடை வைத்ததைப் பார்த்து, "அங்க வெயிலே இருக்காதேடா" என்று சிரித்தான் ஒருத்தன். மூக்கைத் தடவிக் காட்டினேன்.