திரும்பும் வழியை முதலில் யோசிப்போம்

விழா நாளில் திறந்தவெளி இசை நிகழ்ச்சிக்கும் வாணவேடிக்கைக்கும் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள், எத்தனை மணிக்குப் போனால் நல்ல இடம் கிடைக்கும் என்றே கணக்குப் போடுகிறார்கள். எப்படித் திரும்புவது என்ற கேள்வி கடைசி வாணம் வெடித்து அடங்கிய பிறகுதான் எழுகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். வரும்போது கூட்டம் பல மணி நேரம் சிறுகச் சிறுகச் சேர்கிறது. கலையும்போதோ அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்து, வந்த வழியையே தேடிப் போகிறார்கள். வருவதைவிடத் திரும்புவதில்தான் ஆபத்து அதிகம்.

ஜப்பானின் அகாஷி நகரில் 2001 ஜூலை 21 அன்று நடந்தது இதற்குச் சான்று. கடற்கரையில் கோடை விழா வாணவேடிக்கை இரவு 8.30 மணிக்கு முடிந்தது. கடற்கரையையும் அசகிரி ரயில் நிலையத்தையும் இணைத்தது சுமார் 100 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு நடைமேம்பாலம். அதன் கடற்கரைப் பக்கப் படிக்கட்டின் அகலம் அதில் பாதிதான். படி இறங்கும் இடத்திலேயே விழாக் கடைகளும் வரிசைகட்டி நின்றன. ரயிலுக்குத் திரும்பியவர்களும் கடற்கரைக்கு வந்துகொண்டிருந்தவர்களும் அந்தப் பாலத்தில் எதிரெதிரே சிக்கிக்கொண்டார்கள். ஒரு சதுர மீட்டரில் 13 முதல் 15 பேர் வரை நெருக்குண்டார்கள். இறந்த 11 பேரில் 9 பேர் குழந்தைகள், இருவர் மூதாட்டிகள். அவ்வளவு நெருக்கத்தில் ஒருவர் எவ்வளவு பொறுமையானவர் என்பதற்குப் பொருளே இல்லை. கால் தரையில் ஊன்றாது, மூச்சுவிட நெஞ்சு விரியாது. ஆகவே கட்டுப்பாடில்லாத மக்களே நெரிசலுக்குக் காரணம் என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமல்ல. வழியின் அகலத்துக்கு மீறிய கூட்டத்தை அதில் அனுமதித்ததே காரணம்.

சென்னை மெரினாவில் 2024 அக்டோபர் 6 அன்று விமானப் படையின் சாகச நிகழ்ச்சி நண்பகல் வெயிலில் நடந்தது. ஐந்து பேர் உயிரிழந்தார்கள். வெயிலின் தாக்கமே காரணம் என்றது அரசு. ஆனால் நிகழ்ச்சி முடிந்ததும் கடற்கரைச் சாலையும் பறக்கும் ரயில் நிலையங்களும் திணறியதை ஊரே கண்டது. வெயிலிலிருந்து விலகிப் போக வழி கிடைக்காதபோது வெயிலின் கொடுமையும் கூடத்தான் செய்யும்.

பாதுகாப்பு அரசின் கடமை, அந்தச் சுமையை மக்கள் தலையில் ஏற்றலாமா என்று கேட்கலாம். கடமை அரசுடையதும் அமைப்பாளர்களுடையதும்தான். அகாஷி வழக்கிலும் நகராட்சி, காவல்துறை, தனியார் பாதுகாப்பு நிறுவனம் ஆகியவற்றைச் சேர்ந்த ஐவரைக் குற்றவாளிகள் என்று 2004இல் நீதிமன்றம் அறிவித்தது. ஆனால் தீர்ப்பு வந்தது மூன்றாண்டுகள் கழித்து. அன்றிரவு குழந்தையின் கையைப் பிடித்திருந்தவர்களுக்கு அது உதவவில்லை. உள்ளே வரும் வழி எது, வெளியேறும் வழி எது, இரண்டும் தனித்தனியா என்பதை நிகழ்ச்சிக்கு முன்பே அறிவிக்கும்படி கேட்பது பார்வையாளரின் உரிமை. அந்த விவரம் தெரியாத இடத்துக்குக் குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துப் போகாமல் இருப்பதே நல்லது.

வாணவேடிக்கையின் உச்சமே முடிவில்தானே, பாதியில் எழுந்து வரச் சொல்வதா என்ற குறையிலும் நியாயம் இருக்கிறது. பாதியில் எழ வேண்டியதில்லை. முடிந்ததும் எழாமல் இருந்தால் போதும். மேடைக்கு அருகில் இடம் பிடிப்பதைவிட, வெளிவழிக்கு அருகில், சுவரோ தடுப்போ மறிக்காத ஓரத்தில் உட்காரலாம். தண்ணீரும் சிற்றுண்டியும் கையில் இருந்தால் முக்கால் மணி நேரம் அங்கேயே காத்திருப்பது பெரிய சிரமமல்ல. பக்கத்து நிலையத்தை விட்டுவிட்டு அடுத்த நிலையம் வரை நடக்கலாம். கைப்பேசி இணைப்பு கிடைக்காமல் போகும் என்பதால், பிரிந்துவிட்டால் சந்திக்கும் இடத்தைப் புறப்படும்போதே பேசி வைக்கலாம். வானத்து வெளிச்சம் சில நிமிடம். அதைப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் விழா முடிகிறது.