பெயரைப் பூட்டி வைக்கச் சொன்ன பேராசிரியர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஆன்ட்டி வைரஸ் போடலாம்?" என்பதுதான். நான் ஒரு சாப்ட்வேர் பெயரைச் சொல்லிவிட்டு, கூடவே ஒரு கதாசிரியர் பெயரையும் சொல்வேன். வெர்னர் விஞ்சி. கம்ப்யூட்டரைப் பாதுகாக்கக் கதைப் புத்தகமா என்று சிரிப்பார்கள். என் அனுபவத்தில், ஆமாம்!

விஞ்சி வெறும் கதாசிரியர் அல்ல. 1971ல் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். அமெரிக்காவின் சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கணிதமும் கம்ப்யூட்டர் சயின்ஸும் கற்பித்தார். 2000ல் அந்த வேலையை விட்டு முழு நேர எழுத்தாளரானார். மூன்று நாவல்களுக்கு ஹ்யூகோ விருது வாங்கினார். 2024 மார்ச்சில், 79 வயதில் காலமானார்.

1970களின் கடைசியில் ஒரு நாள், பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரில் அவர் வேலை செய்துகொண்டிருந்தபோது, முகம் தெரியாத ஒருவர் திரையில் பேச்சுக் கொடுத்தார். இவர் யார் என்று அவருக்குத் தெரியாது. அவர் யார் என்று இவருக்கும் தெரியாது. இருவருமே மற்றவரின் பெயரைக் கறக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. பேசி முடித்த பிறகுதான், ஒரு அறிவியல் கதைக்குள் இருந்துவிட்டு வந்திருக்கிறோம் என்று விஞ்சிக்கு உறைத்தது.

அதிலிருந்து பிறந்த குறுநாவல்தான் 1981ல் வந்த 'ட்ரூ நேம்ஸ்', அதாவது உண்மைப் பெயர்கள். மந்திரவாதியின் நிஜப் பெயர் தெரிந்தால் அவனை அடிமையாக்கலாம் என்று பழங்கதைகளில் வருமே, அதே விஷயம்தான். இங்கே மந்திரவாதிகள், ஹேக்கர்கள். கதாநாயகனின் நிஜப் பெயரை அரசாங்கம் கண்டுபிடித்துவிடுகிறது. அதன்பின் அவன் அவர்கள் சொன்னபடி ஆட வேண்டியதுதான். பெரும்பாலான வீடுகளில் இன்டர்நெட் என்ற சொல்லே நுழையாத காலத்தில் எழுதிய கதை இது!

நான் இதைத் தாமதமாகத்தான் படித்தேன். முதல் கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில், பரிசு விழுந்திருப்பதாக ஒரு இமெயில் வந்தது. பெயர், பிறந்த தேதி, போன் நம்பர் எல்லாவற்றையும் சந்தோஷமாக நிரப்பி அனுப்பினேன். என் பாஸ்வேர்டும் அதே பிறந்த தேதிதான். ஒரே வாரத்தில், நான் வெளியூரில் மாட்டிக்கொண்டு தவிப்பதாக என் நண்பர்களுக்கெல்லாம் என் முகவரியிலிருந்தே மெயில் போனது. ஒருவர் பணமும் அனுப்பிவிட்டார். அவர் முகத்தில் விழிக்க எனக்கு வெகுநாள் கூச்சமாக இருந்தது.

விஞ்சி என்றாலே, மனிதனை மிஞ்சும் கம்ப்யூட்டர் அறிவு 30 ஆண்டுகளுக்குள் சாத்தியமாகும் என்று அவர் 1993ல் எழுதிய கட்டுரையைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசுகிறார்கள். அது பெரிய விஷயம்தான். ஆனால் நமக்கு அதைவிட அவசியமான கதை, 2006ல் வந்த 'ரெயின்போஸ் எண்ட்'. மறதி நோயிலிருந்து மீண்ட ஒரு முதிய கவிஞர், பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து புதிய கம்ப்யூட்டர்களைப் பழகுகிறார். கவிதை எழுதும் திறமை மட்டும் திரும்பவில்லை. அதை மீட்டுத் தருகிறேன் என்று இணையத்தில் ஒரு முகமில்லாத ஆள் ஆசை காட்டுகிறான். கவிஞர் அவன் பேச்சை நம்பி, சொந்தக் குடும்பத்தின் தகவல்களையே எடுத்துக் கொடுக்கத் துணிகிறார்.

எனக்குப் பரிசு ஆசை, அவருக்குக் கவிதை ஆசை. இதைத் தடுக்க எந்த ஆன்ட்டி வைரஸாலும் முடியாது. எனவே, பாஸ்வேர்டில் உங்கள் பெயரோ பிறந்த தேதியோ வேண்டாம். யாராவது விவரம் கேட்டால், எதற்கு என்று திருப்பிக் கேளுங்கள். சந்தேகம் வந்தால், வீட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் கேட்கத் தயங்காதீர்கள். கதையில் அந்தக் கவிஞரும் பிள்ளைகளிடம்தான் கற்றுக்கொண்டார்.