கவனக்குறைவு யாருடையது?

"தாய் சரியில்லை." ஆசிரியர் அறையில் இச்சொல் எத்துணை எளிதாக உதிர்கிறது! கையொப்பமிட்ட படிவம் வரவில்லை. விளையாட்டு உடைக்குரிய நாளில் பிள்ளை சீருடையில் வந்து நிற்கிறான். பள்ளி விட்டு ஒரு மணி நேரமாகியும் அழைத்துச் செல்ல ஆளில்லை. உடனே தீர்ப்பு. நானும் அத்தீர்ப்பை வழங்கி வந்தவனே.

சென்ற ஆண்டு ஒரு தாய் தம் பழைய தேர்ச்சி அறிக்கையை என் மேசைமீது வைத்தார். என்னிடம் பயின்றவர். "கவனம் தேவை" என்று என் கையெழுத்தே அதில் இருந்தது. முப்பத்தெட்டாம் வயதில்தான் தமக்கு ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைவுக் கோளாறு உண்டென மருத்துவர் கூற அறிந்தாராம். அவ்விரு சொற்களுக்கு மேல் அன்று நான் எதுவுமே செய்யவில்லை.

இக்கோளாறு என்றால் வகுப்பில் துள்ளித் திரியும் சிறுவனே நம் நினைவுக்கு வருகிறான். 1902இல் இலண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் மருத்துவர் எடுத்துரைத்த பிள்ளைகளிலும் ஆண்களே மிகுதி. சன்னலுக்கு வெளியே மனத்தை அலையவிட்டு, ஓசையின்றி அமர்ந்திருந்த சிறுமி எவருக்கும் தொல்லை தரவில்லை. ஆதலால் எவர் கண்ணிலும் படவில்லை. அவள்தான் இன்று தாயாகி நம் வாயிலில் நிற்கிறாள்.

இரட்டையர் ஆய்வுகள் இக்கோளாற்றில் மரபின் பங்கை 70 முதல் 80 விழுக்காடு வரை மதிப்பிடுகின்றன. பிள்ளைக்கு இருப்பின் பெற்றோருள் ஒருவருக்கும் இருக்கக்கூடும் என்பது இதனால் விளங்கும். நாமோ அத்தாயிடமே பல பக்கப் படிவத்தைக் கொடுத்து, வெள்ளிக்கிழமைக்குள் நிரப்பித் தருக என்கிறோம்!

தந்தை மறந்தால் வேலைப்பளு. தாய் மறந்தால் பொறுப்பின்மை. கட்டணம், மருந்து, சோதனை நாள், பாட்டியின் மருத்துவமனைச் சந்திப்பு என வீட்டின் நினைவு முழுவதையும் ஒருத்தி தலையில் ஏற்றிவிட்டு, அது சரிந்ததும் கைகொட்டி நகைப்பது எவ்வகை நீதி?

"இஃதெல்லாம் சாக்கு" என்பார் சிலர். அந்தத் தாயின் கைப்பேசியில் ஒரு காலைப்பொழுதுக்கு மட்டும் ஏழு மணியொலிகள் வைக்கப்பட்டிருந்தன. உள்ளங்கையில் மையால் எழுதிய குறிப்பும் இருந்தது. சாக்குத் தேடுவோர் இத்துணை பாடுபடுவதில்லை.

இப்போது எங்கள் பள்ளியின் புலனச் செய்திகள் தாய் தந்தை இருவருக்கும் செல்கின்றன. முதல்நாள் மாலையில் மீண்டும் ஒருமுறை செல்கின்றன. படிவத்தைப் பள்ளியிலேயே உடன் அமர்ந்து நிரப்புகிறோம். பெற்றோருக்கு ஊட்டிவிடுகிறோமா என ஓர் ஆசிரியர் முணுமுணுத்தார். ஆம், ஊட்டிவிடுகிறோம் என்றேன்.