கடற்கரையில் 'சும்மா கிடக்கிற இடம்' எங்கே இருக்கு?

போன மாசம் கிளாஸ் பசங்க நாலு பேர் ஈ.சி.ஆர். பக்கம் பைக்கில் போனோம். ஒரு மீனவர் குப்பத்தை ஒட்டி நீளமாகத் தகரத் தடுப்பு. உள்ளே ஐந்து நட்சத்திர ஹோட்டல் வரப் போகிறதாம். "சும்மா கிடந்த இடம்டா, இனிமே ஏரியாவே மாறிடும்" என்றான் நண்பன். டீக்கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர் சிரித்தார். "சும்மா எங்க தம்பி கிடந்துச்சு? அங்கதான எங்க வலை காஞ்சுது."

நண்பன் கப்சிப் :-)

நான் ஹோட்டல்களுக்கு எதிரி இல்லை. கோவளத்தில் 1970களிலேயே சொகுசு ஹோட்டல் வந்துவிட்டது. சிலருக்கு வேலை கிடைக்கும், டாக்ஸி ஓடும், மீனும் விற்கும். எல்லாம் சரி. ஆனால் பி.காம். படிக்கிறவனுக்கு வரவைப் பார்த்தால் செலவையும் பார்க்கத் தோன்றும், இல்லையா?

ஒரு பேச்சுக்கு, அறை வாடகை ஒரு நாளைக்கு 10,000 ரூபாய். 18% ஜி.எஸ்.டி., அதாவது 1,800 ரூபாய். மத்திய அரசுக்கு 900, மாநில அரசுக்கு 900. ஊராட்சிக்கு இதில் நேரடிப் பங்கு கிடையாது. அதற்குச் சொத்து வரி மாதிரி சில்லறைதான்.

இப்போது செலவுப் பக்கம். மீனவருக்கு மணல்வெளிதான் தொழிற்சாலை. படகு நிற்பது, வலை பின்னுவது, கருவாடு காய்வது, மீன் ஏலம் போவது எல்லாம் அங்கேதான். கரைவலை இழுக்க நீளமான திறந்த கரையே வேண்டும். ஆனால் அந்த இடத்துக்குப் பெரும்பாலும் யார் பெயரிலும் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் விலை இல்லை. விலை இல்லாததால் எந்தக் கணக்கிலும் அது ஏறுவதே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2011 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையின்படி, கிராமப்புறக் கடற்கரையில் அலை ஏறும் எல்லையிலிருந்து 200 மீட்டர் வரை பொதுவாகப் புதுக் கட்டடம் கூடாது. 2019 அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் ஊர்களில் அதை 50 மீட்டராகக் குறைத்தது (புதிய மேலாண்மை வரைபடம் ஒப்புதல் பெற்ற பிறகுதான்). நெருக்கமான ஊரில் வீடு கட்ட இடம் வேண்டும் என்பது நியாயமே. ஆனால் மிச்சமாகும் 150 மீட்டரைக் காசு கொடுத்து வாங்கப் போவது குப்பத்து ஆளா, கம்பெனியா?

தமிழ்நாட்டில் அந்த வரைபடத்துக்காக 2023-ல் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடந்தன. படகு நிறுத்தும் இடம், வலை காயவைக்கும் இடம் எதையும் சரியாகக் குறிக்கவில்லை என்று மீனவர்கள் சண்டை போட்டார்கள். டீக்கடைப் பெரியவர் சொன்னதும் அதேதான். வரைபடத்தில் வெள்ளையாக விட்டால், பார்க்கிறவனுக்கு அது சும்மா கிடக்கிற இடம்.

2004 சுனாமி வந்தபோது எனக்கு நினைவு தெரியாத வயசு. கடலுக்கும் கட்டடத்துக்கும் நடுவே இடைவெளி எதற்கு என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஹோட்டல் வரட்டும். ஆனால் முதலில் குப்பத்தின் இடங்களை வரைபடத்தில் குறியுங்கள், பிறகு அனுமதி கொடுங்கள். இன்னொன்று, இரண்டு கடற்கரை விடுதிகளுக்கு நடுவே பொதுமக்கள் கடலுக்குப் போக 20 மீட்டர் வழி விட வேண்டும் என்று 2011 அறிவிக்கையிலேயே இருக்கிறது. அடுத்த முறை ஈ.சி.ஆர். போகும்போது ஷோரூமையும் பிரியாணிக் கடையையும் மட்டும் பார்க்காமல், அந்த வழி இருக்கிறதா என்றும் கொஞ்சம் பாருங்களேன்.