மூடிய அறையும் உயிர்மூச்சும்



தலைவெள்ளிதோறும் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்வது பங்குக் குருவின் வழக்கம். அம்பத்தூர், ஆவடிப் பக்கத்து வீடுகள் பலவற்றில் வாசற்படி தாண்டியதும் முதலில் என்னை எதிர்கொள்வது ஒரு நெடி. இரவெல்லாம் எரிந்த கொசுவர்த்தி, நேற்று வறுத்த மீன், சுவரில் பூத்த பூஞ்சணம், திரு இருதயப் படத்தின் முன் ஏற்றிய ஊதுவத்தி எல்லாம் ஒன்றாய்க் கலந்து அறைக்குள் நிற்கும். சன்னல் இல்லாமற் போகாது. அதை மறைத்துப் பீரோ நிற்கும். ஏன் என்று கேட்டால், "கொசு வரும், ஃபாதர்", "லாரி தூசி வரும், ஃபாதர்", "குழந்தைக்குச் சளி பிடிக்கும், ஃபாதர்" என்று மூன்று பதில்கள் ஆயத்தமாக இருக்கும்.

இவை பொய்ச் சாக்குகள் அல்ல. ஏரியும் சாக்கடையும் உள்ள ஊரில் கொசு உண்டு. 1960-களில் தொழிற்பேட்டை வந்த நாள்முதல் புகையும் கனரக வண்டிகளும் நம் அயலார். ஆயினும் வெளித்தீமைக்கு அஞ்சிக் கதவடைக்கும் நாம், உள்ளே எதை வைத்துப் பூட்டுகிறோம் என்று பார்ப்பதில்லை.

2024 நவம்பரில், பூந்தமல்லிக்குத் தெற்கேயுள்ள குன்றத்தூரில் நிகழ்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எலித் தொல்லைக்காக ஒரு வீட்டில் பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்கள் மருந்து வைத்துச் சென்றனர். அன்றிரவு தாயும் தந்தையும் இரு குழந்தைகளும் குளிர்சாதன வசதியுள்ள அறையில் உறங்கினர். குழந்தைகள் இருவரும் இறந்தனர். பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். மருந்தின் நச்சு நெடி மூடிய அறையில் பரவியதே காரணம் எனச் செய்தித்தாள்கள் எழுதின. அந்தச் செய்தியைப் படித்த காலையில் எனக்குச் செபிக்கவும் சொல் வரவில்லை.

நம்மில் பலர் அறியாத ஓர் உண்மை இதில் அடங்கியிருக்கிறது. வீட்டுச் சுவரில் மாட்டும் ஏ.சி. இயந்திரம் வெளியிலிருந்து புதுக் காற்றைக் கொண்டுவருவதில்லை. அறையிலுள்ள காற்றையே இழுத்து, குளிரவைத்து, மீண்டும் அறைக்குள்ளேயே விடுகிறது. வெளியே தெருவில் தொங்கும் பெட்டி வெப்பத்தை மட்டுமே வெளியேற்றும். ஆகவே அறைக்குள் நஞ்சு இருந்தால், நஞ்சுதான் குளிர்ந்து சுற்றும். மருந்து தெளித்த வீட்டில் அன்றிரவு உறங்கலாகாது. தெளிப்பவரிடம் மருந்தின் பெயரையும், எத்தனை மணி நேரம் கழித்து உள்ளே நுழையலாம் என்பதையும் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். நெல் மூட்டைகளுக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு வில்லையை எவரேனும் அன்பளிப்பாகக் கொடுத்தாலும் வீட்டில் வைக்கக் கூடாது; காற்றின் ஈரம் பட்டாலே அது கொடிய பாஸ்பீன் வாயுவாக மாறும்.

கொசுவர்த்தி அவ்வாறு ஓரிரவில் கொல்லாது. அதனாலேயே அதற்கு நாம் அஞ்சுவதில்லை. சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களை எரித்துப் பார்த்த ஆய்வொன்று 2003-இல் வெளியாயிற்று. ஒரு சுருள் எரிந்து தீர்வதற்குள் வெளிப்படும் நுண்துகள்களின் எடை 75 முதல் 137 சிகரெட்டுகளிலிருந்து வருவதற்குச் சமம் என்று அது கூறியது. நம் கடைச் சுருளும் அதே அளவுதான் என்று சாதிக்க வரவில்லை. பாதி என்றே வைத்துக்கொள்வோம். தொட்டிலுக்கடியில் வைக்கத் தகுந்த பொருளா அது? மேலும், டெங்குவைப் பரப்பும் கொசு பெரும்பாலும் பகலில் கடிப்பது. இரவு முழுவதும் புகைத்துவிட்டுப் பகலில் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து போடுவதால் பயன் யாது? அந்தி மயங்கும் வேளையில் சன்னலைச் சார்த்துங்கள். பிறகு கம்பிவலையிட்ட சன்னலைத் திறந்து, கொசுவலைக்குள் உறங்குங்கள். நம் பாட்டிமார் செய்ததும் இதுவே.

இனி அடுக்களை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், சமையற்புகையைச் சுவாசித்து நோயுறும் ஏழைகளை மறவாமல் குறிப்பிடுகிறார். இதை அளந்து காட்டியவர்கள் நமக்கு அருகிலேயே இருக்கின்றனர். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் அடுப்புப் புகையைப் பல்லாண்டுகளாக ஆராய்கின்றனர். இந்தியா, குவாதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளின் கருவுற்ற பெண்களிடையே நடந்த ஆய்வில் அவர்களும் பங்கேற்றனர். விறகு போன்றவற்றால் சமைத்த பெண்கள் சுவாசித்த காற்றில் கன மீட்டருக்கு ஏறக்குறைய 70 மைக்ரோகிராம் நுண்துகள். எரிவாயு அடுப்பு பெற்றவர்களுக்கு 24. குழந்தைகளின் பிறப்பு எடை எதிர்பார்த்தபடி கூடவில்லை என்பதையும் 2022-இல் மறைக்காமல் வெளியிட்டனர். உண்மையை முழுதும் சொல்பவர்கள்மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு.

"எங்கள் வீட்டில் சிலிண்டர்தானே?" என்பீர்கள். அந்த 24-கூட, உலக நல அமைப்பு 2021-இல் ஒரு நாளுக்கு வகுத்த 15 என்னும் எல்லைக்கு மேற்பட்டதே. சன்னலற்ற வாடகைப் போர்ஷனில், எண்ணெய் புகையப் புகைய வடை சுடும் தாயின் நெஞ்சு எரிவாயுவால் மட்டும் காக்கப்படாது. மேலே ஒரு வெளியேற்றும் விசிறி. சமையல் முடிந்தபின்னும் கால் மணி நேரம் அது ஓடட்டும். அடுப்புச் சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் பர்னரைத் துலக்குங்கள்.

வீட்டுக் காற்றைச் சோதிக்கக் கருவி இருந்தால் நன்று. காற்றிலுள்ள கரியமில வாயுவைக் காட்டும் சிறு கருவிகள் கிடைக்கின்றன. வெளியே 420-க்குச் சற்று மேலே காட்டும் எண், படுக்கையறையில் 1000-ஐத் தாண்டினால் காற்று மாறவில்லை என்று பொருள். கருவி இல்லையேல் மூக்கு உண்டு. ஆனால் வீட்டிலேயே இருப்பவரின் மூக்கு பழகிப்போகும். கால் மணி நேரம் வெளியே நின்றுவிட்டு உள்ளே வந்து ஒருமுறை மூச்சை இழுத்துப் பாருங்கள். சன்னலருகே மெல்லிய காகித நாடாவைப் பிடித்துப் பாருங்கள். அது அசையாவிடில் எதிர்ப்புறக் கதவையும் திறக்க வேண்டும். பீரோவை நகர்த்தி அதன் பின்சுவரைப் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் புகுந்த வீடுகளில் இதை அவசியம் செய்யுங்கள். ஈரத்தை நிறுத்தாமல் பூஞ்சணத்தின்மேல் வர்ணம் பூசினால் அது திரும்பவும் வரும். ஒன்றை மட்டும் மூக்கு அறியாது: அறைக்குள் கரியோ ஜெனரேட்டரோ எரிந்தால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

நெடுஞ்சாலையோரத்து வீடானால் பின்பக்கச் சன்னலைத் திறவுங்கள். அதிகாலையில் புகை தாழ்ந்து தேங்கியிருக்கும். வெயில் ஏறியபின் திறப்பது மேல்.

ஊரார் வீட்டுப் புகையை இவ்வளவு பேசிவிட்டு, என் தூபக்கலசத்தைப் பற்றிப் பேசாதிருப்பது முறையன்று. சென்ற ஆண்டு ஒரு வீட்டை மந்திரிக்கச் சென்றேன். வழக்கப்படி அறை அறையாகச் சாம்பிராணி காட்டினேன். கடைசி அறையில் படுத்திருந்த ஆஸ்துமாக்கார முதியவள், மரியாதைக்காக வாயைப் பொத்திக்கொண்டு இருமலை அடக்கினாள். செபத்தை முடிக்கும்வரை நான் கவனிக்கவில்லை. அதுமுதல் வீடு மந்திரிக்கையில் தூபத்தை வாசலோடு நிறுத்திக்கொண்டு, உள்ளே தீர்த்தம் மட்டும் தெளிக்கிறேன். அந்த முதியவளின் மகன் மறு மாதமே பீரோவை இடம் மாற்றினான். இப்போது அவளுடைய கட்டில் சன்னலோரத்தில் கிடக்கிறது. கம்பிவலையை அவனே அடித்தான், ஒரு மூலை இன்னும் சரியாகப் பொருந்தவில்லை.