மீட்டுப் பார்க்காத பிரதி

கம்ப்யூட்டர் நம் வீட்டுக் கூடத்திலும் அலுவலக மேஜையிலும் இடம் பிடித்து ஒரு தலைமுறைக் காலம் ஆகிவிட்டபடியால், அதிலுள்ளவற்றுக்கு மறுபிரதி எடுத்து வைக்க வேண்டும் என்ற உபதேசத்தைக் கேளாதவர் இன்று அநேகமாக இல்லை. மார்ச் 31-ஆம் தேதியை அதற்கென்றே ஒரு தினமாக அனுஷ்டிக்கும் வழக்கம்கூட உலகத்தில் ஏற்பட்டிருக்கிறது. அந்த உபதேசத்தில் குற்றம் ஒன்றுமில்லை, அது பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது என்பதே என் ஆட்சேபம். பேக்கப் எடுப்பதற்கு வழி சொல்ல நூறு பேர் வருகிறார்கள். எடுத்த பிரதியிலிருந்து இழந்ததைத் திரும்பப் பெற முடிகிறதா என்று, இழப்பு நேர்வதற்கு முன்பே ஒருதரம் செய்து பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழலும் தகடுகளின்மேல், தலைமயிரின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில், தகட்டைத் தீண்டாமல் மிதந்தபடியே எழுதியும் படித்தும் வருகிற ஒரு நுண்ணிய முனையை நம்பித்தான் குடும்பத்தின் கல்யாணப் படங்களும் கடையின் கணக்கு வழக்குகளும் ஹார்டு டிஸ்க்கில் குடியிருக்கின்றன. அந்த முனை என்றேனும் ஒருநாள் தகட்டில் உரசத்தான் செய்யும். சுழலும் பாகம் எதுவும் இல்லாத எஸ்எஸ்டியோ, டக் டக்கென்று எச்சரிக்கைச் சத்தம்கூட எழுப்பாமல் ஒரு காலை வேளையில் ஊமையாகிவிடக் கூடியது. விற்ற கம்பெனி தருகிற உத்தரவாதம் பெட்டிக்கு மட்டுமே. உள்ளே இருந்ததற்கு அவர்கள் பொறுப்பாளிகள் அல்லர்.

இவற்றையெல்லாம் அறியாத சாமானியர்கள்தாம் ஏமாறுகிறார்கள் என்று எண்ணுவதற்கும் இடமில்லை. உலகெங்கும் உள்ள மென்பொருள் நிபுணர்கள் தங்கள் நிரல்களை வைத்துக் கூட்டாக வேலை செய்வதற்கு இடமளிக்கும் கிட்லேப் என்ற ஸ்தாபனத்தில், 2017-ஆம் வருஷம் ஜனவரி 31-ஆம் தேதி இரவு நடந்ததை இதற்குத் திருஷ்டாந்தமாகச் சொல்லலாம். அங்கே பிரதான சர்வரில் எழுதப்படுவதையெல்லாம் உடனுக்குடன் நகல் செய்துகொள்ளும் துணைச் சர்வர் ஒன்று இருந்தது. அன்று அது பின்தங்கிப் போகவே, அதிலிருந்ததைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்று கருதிய பொறியாளர் ஒருவர், துணைச் சர்வருக்குக் கொடுப்பதாக நினைத்த அழிப்புக் கட்டளையைப் பிரதான சர்வருக்கே கொடுத்துவிட்டார். ஓரிரு விநாடிகளில் பிசகு தெரிந்து கட்டளையை நிறுத்தியும், சுமார் 300 ஜிகாபைட் இருந்த இடத்தில் ஏறக்குறைய 4.5 ஜிகாபைட்தான் மிஞ்சியது.

கை தவறுவது யாருக்கும் சகஜம். அதற்காகத்தானே பிரதிகள் என்று ஆறுதல் அடைந்திருப்பார்கள். நாள்தோறும் பிரதி எடுத்து அமேசான் கம்பெனியின் கிளவுட் கிடங்கில் சேர்க்கும் ஏற்பாடு ஒன்று அவர்களிடம் இருக்கத்தான் இருந்தது. போய்ப் பார்த்தால் கிடங்கு காலி! அவர்களுடைய தகவல்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6-ஆம் பதிப்பில் ஓடிக்கொண்டிருக்க, பிரதி எடுக்கும் நிரலோ 9.2-ஆம் பதிப்பாகவே இருந்துவிட்டபடியால், அது ஒவ்வொரு தடவையும் தோற்றுக்கொண்டே வந்திருக்கிறது. தோல்வியை அறிவிப்பதற்கென்று ஏற்படுத்தியிருந்த மின்னஞ்சல்களும், அனுப்புகிறவரின் அத்தாட்சி சரியில்லை என்ற காரணத்தால் வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்டுவிட்டன. வேறொரு வகைப் பிரதி அந்தச் சர்வர்களுக்கு இயக்கப்படவே இல்லை. முடிவில் அவர்களைக் காப்பாற்றியது, அதே பொறியாளர் சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன்பு முற்றிலும் வேறொரு காரியத்துக்காகத் தம் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு நகல். அதை மெதுவான டிஸ்க்குகளிலிருந்து திரும்ப இறக்கவே 18 மணி நேரம் பிடித்தது. நிரல்கள் வேறிடத்தில் இருந்ததால் தப்பின. இடைப்பட்ட நேரத்தில் தொடங்கப்பட்டிருந்த ஏறத்தாழ 5,000 திட்டங்களின் பதிவுகளும், அதே அளவு கருத்துரைகளும், 700 புதிய கணக்குகளும் போனவை போனவைதாம்.

இந்த அவமானத்தை மூடி மறைக்காமல், மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டி, பிற்பாடு நடந்தது அத்தனையையும் விரிவாக எழுதி வெளியிட்டார்களே, அந்த நேர்மைக்கு நாம் வந்தனம் செலுத்த வேண்டும். பிரதிகளை ஏன் ஒருவரும் பரீட்சித்துப் பார்க்கவில்லை என்ற கேள்விக்கு அந்த அறிக்கையில் அவர்கள் கண்ட விடை மிகவும் எளியது: அந்தக் காரியம் இன்னாருடைய பொறுப்பு என்று யாருக்கும் ஒப்படைக்கப்படவில்லை.

தென்கொரியாவில் நேர்ந்த அனர்த்தம் வேறு ஜாதியைச் சேர்ந்தது. டேஜான் நகரில் உள்ள அரசாங்கத் தகவல் மையத்தில் 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி லித்தியம் பேட்டரியில் பற்றிய தீ, அரசு ஊழியர்களின் கோப்புகளைத் தாங்கியிருந்த ஜி-டிரைவ் என்னும் சேமிப்பகத்தை 858 டெராபைட் தகவலோடு பொசுக்கிவிட்டது. இவ்வளவு பெரிய கொள்ளளவுக்கு வெளியிடத்தில் பிரதி வைப்பது சாத்தியப்படவில்லை என்று சமாதானம் சொன்னார்கள். தனித்தனி மேஜைகளில் வைத்திராமல் எல்லாவற்றையும் அதிலேயே வையுங்கள் என்று ஆணையிட்ட இலாகாவுக்குத்தான் நஷ்டம் அதிகம் என்பது இதிலுள்ள விபரீதம். ஓரிடத்தில் குவிக்கும்படி உத்தரவிடுகிறவர்கள், அந்த ஓரிடம் இல்லாமற்போனால் என்ன செய்வது என்பதையும் அதே உத்தரவில் எழுதக் கடமைப்பட்டவர்கள்.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்று பீட்டர் கிரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் வகுத்துப் பிரபலமாக்கிய 3-2-1 சூத்திரத்தைப் பலர் கேட்டிருக்கலாம். பிற்காலத்தில் சிலர் அதன் கடைசியில் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்தார்கள்: மீட்டுப் பார்த்ததில் பிழை பூஜ்யம் என்பது அதன் பொருள். என் கணக்கில் அந்தப் பூஜ்யத்துக்கு மற்ற எண்கள் எல்லாவற்றையும்விட மதிப்பு அதிகம். இரண்டு டிஸ்க்குகளை ஜோடி சேர்த்து ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதியும்படி செய்துவிட்டு, பேக்கப் இருக்கிறது என்று திருப்தி கொள்ளும் அலுவலகங்கள் உண்டு. ஒன்றில் அழித்தது மற்றதிலும் அக்கணமே அழியும் என்பதையும், கம்ப்யூட்டரோடு எந்நேரமும் இணைந்தே கிடக்கும் டிஸ்க்கை, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்கள் சேர்த்தே பூட்டிவிடும் என்பதையும் ஒரே ஒரு ஒத்திகை அவர்களுக்குக் காட்டிக் கொடுத்திருக்கும்.

ஆகவே கல்லூரியானாலும், கூட்டுறவுச் சங்கமானாலும், நகராட்சியானாலும், பேக்கப் சாதனம் வாங்குவதற்கான டெண்டரிலேயே, வருஷத்துக்கு இரண்டு தடவையாவது வேறொரு காலி மெஷினில் எல்லாவற்றையும் மீட்டுக் காட்ட வேண்டும் என்ற ஷரத்தைச் சேர்க்க வேண்டும் என்றும், எத்தனை மணி நேரம் பிடித்தது, எது திறக்கவில்லை என்பதை ஓர் அதிகாரி தம் பெயரிட்டுக் கையொப்பத்தோடு பதிவு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறேன். செலவு அதிகம் என்பார்கள். செலவுதான், அதற்கென்று ஒரு மெஷினும், ஓர் ஆளின் இரண்டொரு நாள் உழைப்பும் வேண்டும். கிட்லேப் ஸ்தாபனத்தார் விபத்துக்குப் பின் எழுதிய வேலைப் பட்டியலில், பிரதிகளைத் தானாகவே மீட்டுப் பரீட்சிக்கும் ஏற்பாட்டோடு, தகவல் அழியாமல் காப்பதற்குப் பொறுப்பாளி ஒருவரை நியமிப்பதையும் சேர்த்திருந்தார்கள்.