"மாத்திரம்" என்றொரு சொல்

இலங்கையில் 2018ஆம் ஆண்டின் 14ஆம், 15ஆம் இலக்கத் திருத்தச் சட்டங்கள் வந்துவிட்டன. கடை, அலுவலக ஊழியர் சட்டத்திலும் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்திலும் மூன்றாம் பிள்ளைக்கு 42 நாள் மகப்பேற்று விடுமுறை என்றிருந்த பாகுபாடு ஒழிந்தது. உயிருடன் பிறக்கும் எந்தப் பிள்ளைக்கும் இனி 84 நாள். வரவேற்கிறோம்.

ஆனால், நாள்களை எண்ணித் திருத்திய கை, ஒரு சொல்லைத் தொடாமல் விட்டிருக்கிறது. கர்ப்பம், பிரசவம், அவற்றால் வரும் சுகவீனம் என்ற காரணத்தால் "மாத்திரம்" வேலைநீக்கம் கூடாது என்கின்றன இரு சட்டங்களும். பிந்தி வந்தார், வியாபாரம் படுத்துவிட்டது என்று பக்கத்தில் இன்னொரு காரணத்தை வைத்துவிட்டால், அந்தச் சொல்லுக்குள் தொழில்தருநர் தாராளமாக நுழைந்துவிடுகிறார்.

அதைவிடக் கொடியது இராஜினாமாக் கடிதம். சண்டிலிப்பாயிலிருந்து ஒரு பெண் சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தார். கடையொன்றில் காசாளராக இருந்தவர். ஆறாம் மாதத்தில் முதலாளி அன்பாகத்தான் பேசினாராம்: "இந்த நிலையில நிண்டு வேலை செய்ய ஏலாது பிள்ளை. ஒரு கடிதம் எழுதித் தந்திட்டுப் போம், பிறகு பாப்பம்." எழுதிக் கொடுத்திருக்கிறார். என்னிடம் வந்தபோது குழந்தைக்கு ஐந்து மாதம். அது விலகலல்ல, விலக்கல் என்று வாதாட நான் தயாராகவே இருந்தேன். ஆனால் வேலைநீக்கத்துக்கு எதிராக முறையிடக் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் தரும் ஆறு மாதம் கடந்திருந்தது.

அந்த ஆறு மாதம் எதில் கழிகிறது என்று பாருங்கள். மூன்று மாதம் வயிற்றுச் சுமை. 31ஆம் நாள் துடக்குக் கழிவுவரை வீட்டு வாசல் தாண்ட விடமாட்டார்கள். பிறகு பாலூட்டல், தடுப்பூசி, தூக்கமற்ற இரவு. கர்ப்பிணியைக் காக்க எழுதிய சட்டத்தைத் தேடி வரவே அவளுக்கு நேரம் தராத சட்டம் இது. சட்டவாக்குநருக்கு இது தெரியாதா? இரு சட்டங்களையும் ஒரே ஆண்டில் கையிலெடுத்தவர்களுக்கு இந்தப் பக்கத்தைப் புரட்ட மனம் வரவில்லையா?

சர்வதேச தொழில் அமைப்பின் 103ஆம் இலக்க மகப்பேற்றுப் பாதுகாப்புச் சமவாயத்தை 1993இல் ஏற்ற நாடு, 2000ஆம் ஆண்டின் 183ஆம் சமவாயத்தை இன்னும் ஏற்கவில்லை. நீக்கத்துக்கும் கர்ப்பத்துக்கும் தொடர்பில்லை என்று நிரூபிக்கும் சுமையை அதன் 8ஆம் உறுப்புரை தொழில்தருநர் தலையில் வைக்கிறது. பாகுபாட்டைத் தடுக்கும் அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரையை வைத்து நிறைவேற்றுத்துறையைக் கேட்கலாம். தனியார் கடை முதலாளியைக் கேட்க முடியாது.

"மாத்திரம்" என்ற சொல் நீங்க வேண்டும், கர்ப்பிணியின் ஆறு மாதம் பிரசவத்துக்குப் பின்பே ஓடத் தொடங்க வேண்டும் என்று தொழில் அமைச்சுக்கு எழுதுகிறோம். சட்டத்தரணிகளே, காலம் கடந்து வந்ததால் நீங்கள் திருப்பியனுப்பிய பெண்களின் விவரங்களைப் பெயர் நீக்கி எமக்கு அனுப்புங்கள். இராஜினாமாக் கடிதம் எழுதிய திகதி அவசியம்.